அசனத் தட்டு

திருநாள் கமிட்டிக் கூட்டத்தில் அன்னாள் எழுந்து பேசியதை இன்றைக்கும் சிலர் திமிர் என்றுதான் சொல்கிறார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும். நான் கம்பத்திலிருந்து உடும்பஞ்சோலைப் பக்கத்து ஏலக்காட்டுக்கு ஆள் ஏற்றிப் போகிற ஜீப் டிரைவர். பதினாறு வருஷமாகக் காலையில் மலை ஏறிச் சாயங்காலம் இறங்குகிறவன். அந்த எஸ்டேட்டில் யாருக்குத் திமிர், யாருக்கு வயிற்றெரிச்சல் என்று எனக்குத் தெரியாதா? அன்னாளுக்கு இருந்தது வயிற்றெரிச்சல்.

அவள் பேசியது இவ்வளவுதான். இந்த வருஷம் செபஸ்தியார் திருநாளுக்கு ஒரு துண்டு பிளாஸ்டிக் கோயில் வளாகத்துக்குள் வரக் கூடாது. ஜிகினாத் தோரணம் வேண்டாம், அசனத்துக்கு வெள்ளித்தாள் ஒட்டிய தட்டும் வேண்டாம். இரண்டுக்கும் மாற்று செய்து தருவது தன் பொறுப்பு. முடியாமல் போனால் அடுத்த வருஷத்திலிருந்து இதைப் பற்றி வாய் திறக்க மாட்டேன் என்று பாதிரியார் முன்னால் சொல்லிவிட்டாள். கமிட்டிச் செயலாளர் மிக்கேல்ராஜ் எஸ்டேட்டில் சூப்பர்வைசர், எதற்கும் சட்டென்று சரி சொல்லாத மனிதர். அவரே, சரி, இவள் ஆசைக்கு ஒரு வருஷம் பார்ப்போம் என்று நோட்டில் எழுதிக்கொண்டார்.

அசனம் என்பது திருநாளன்று கோயிலில் போடுகிற பொதுச் சாப்பாடு. திருநெல்வேலிச் சீமையிலிருந்து மலை ஏறி வந்தவர்கள் கொண்டுவந்த வழக்கம். அறுநூறு பேராவது சாப்பிடுவார்கள். நான் திருநீறு பூசுகிறவன்தான், ஆனால் அந்த ஆட்டுக்கறிக் குழம்பை ஒரு வருஷமும் விட்டதில்லை. நானும் தின்றுவிட்டு அந்த வெள்ளித்தாள் தட்டைக் கோயிலுக்குப் பின்னால் சரிவில் வீசினவன்தான், அதையும் சொல்லிவிடுகிறேன்.

அப்படி எல்லோரும் வீசிய தட்டுகள் போன ஆனி மாத மழையில் உருண்டு வந்து, ரோட்டுக்கு அடியில் ஓடைத் தண்ணீர் போகிற குழாயை அடைத்துக்கொண்டன. ஞாயிற்றுக்கிழமை, எல்லோரும் பூசையில் இருந்த நேரம். தண்ணீர் திரும்பிக் கீழ் லயத்துக்குள் புகுந்தது. ஒரே கூரையின் கீழ் எட்டு வீடுகள் வரிசையாக இருக்கிற லயம் அது. கடைசி வீடு அன்னாளுடையது. அவள் வீட்டு அடுப்படிச் சுவர் அப்படியே உட்கார்ந்துவிட்டது. பூசைக்குக் கட்டிய சேலையோடு அவள் குழாய்க்குள் தோள்வரை கையை விட்டுத் தட்டுகளை இழுத்துப் போட்டாள் என்று சொன்னார்கள். மறுநாள் நான் வந்தபோது அந்தக் குவியல் ரோட்டோரம் கிடந்தது. ஐந்து மாசம் மண்ணில் கிடந்தும் தட்டுகளில் குழம்பின் மஞ்சள் கறைகூடப் போகவில்லை. பார்க்கவே எனக்கு அருவருப்பாக இருந்தது.

அன்னாள் முன்பு ஏலக்காட்டில் வேலை செய்தவள். இப்போது பஞ்சாயத்தின் ஹரித கர்ம சேனையில் இருக்கிறாள். பச்சைக் கோட்டு போட்டு, சாக்கைத் தோளில் மாட்டி, மாசத்துக்கு ஒரு தரம் வீடுவீடாகப் போய்ப் பிளாஸ்டிக் குப்பை வாங்குகிற வேலை. கழுவாத பால் கவரைக் கொடுத்தால் வாங்க மாட்டாள். வாசலில் நின்றுகொண்டே, கழுவிக் கொண்டாக்கா, நான் நிக்கிறேன் என்பாள். நிற்கவும் நிற்பாள். அவளுக்குப் பயந்தே எஸ்டேட் லயம் அத்தனையிலும் பால் கவரைக் கழுவிக் கொடியில் காயப்போடுகிறார்கள்.

தோரணத்தில் அவள் ஜெயித்துவிட்டாள். தை மாசம் ஏலக்காட்டில் கவாத்து நடக்கும். ஏலச்செடியின் காய்ந்த தட்டைகளையும் பழுத்த இலைகளையும் கழித்துப் போடுகிற வேலை. அந்தக் காய்ந்த தட்டையை உரித்தால் வைக்கோல் நிறத்தில் நீளநீளமாகப் பட்டை வரும். பெண்கள் அதைக் கட்டுக்கட்டாக என் ஜீப்பில் ஏற்றினார்கள். ஓடையில் ஊறப்போட்டு, கிழித்து, பின்னி, முடிச்சுப் போட்டார்கள். ஒரு வாரம் ஜீப் முழுக்க அந்தப் பட்டைத் தூசி. தும்மித் தும்மி எனக்கு மூக்கு சிவந்தது. ஆனால் கொடியேற்றத்தன்று கோயில் வாசலில் கட்டிப் பார்த்தபோது, ஜிகினாவை யாரும் தேடவில்லை. சில கிழவிகள் கையால் தொட்டுத் தொட்டுப் பார்த்தார்கள்.

தட்டில்தான் சனி பிடித்தது. பாக்குமட்டைத் தட்டுக்குச் சொல்லிவைத்த ஆள் கடைசி வாரத்தில் கையை விரித்துவிட்டான். வாழை இலை வாங்கலாம் என்றால் தை முகூர்த்தம், கம்பத்தில் வந்த இலைக்கட்டு மொத்தமும் கல்யாண மண்டபங்களுக்குப் போய்விட்டது. நானே நாலு கடை ஏறி இறங்கினேன். அன்னாள் அசரவில்லை. காட்டில் ஏல இலை கிடக்கிறதே, நாலு இலையை அருகருகே வைத்து ஈர்க்கால் தைத்தால் ஒரு தட்டு என்றாள். தைத்தும் காட்டினாள். நன்றாகத்தான் இருந்தது.

அவள் கணவன் பொன்ராஜ் அந்த எஸ்டேட்டில் மருந்து அடிக்கிறவன். டிரம்மில் பூச்சிமருந்தைக் கலக்கி, ஹோஸை இழுத்துக்கொண்டு செடிசெடியாக அடிக்க வேண்டும். வாய் பேசாத ஆள். புதன்கிழமை சாயங்காலம் அன்னாள் அவனிடம், நாளைக்கு ஆறாம் நம்பர் காட்டில் இலை எடுத்துக்கொள்ளட்டுமா என்று கேட்டிருக்கிறாள். கவாத்து நடந்த ஐந்தாம் நம்பரில் இலை பழுத்துக் கிழிந்திருந்தது. ஒரு சின்ன வாய்க்காலைத் தாண்டினால் ஆறாம் நம்பரில் பசேல் என்று அகல அகலமாக இலை. எடுத்துக்கோ என்றான் அவன். வியாழக்கிழமை இலை வந்தது. வெள்ளிக்கிழமை பத்துப் பெண்கள் உட்கார்ந்து தைத்தார்கள். சனிக்கிழமை மத்தியானம், திருநாளுக்கு முந்தின நாள், கோயில் ஹாலில் அறுநூறு இலைத்தட்டு அடுக்கியிருந்தது. எனக்கே கொஞ்சம் கர்வமாக இருந்தது.

அண்டா இறக்க வந்த பொன்ராஜ் அந்த அடுக்குக்கு முன்னால் நின்றுவிட்டான். ஒரு தட்டை எடுத்து முகர்ந்தான். வெளிச்சத்துக்கு நேரே பிடித்து இலை நரம்பைப் பார்த்தான். நரம்போரம் வெள்ளையாகப் பொடி காய்ந்திருந்தது.

"இது ஆறாம் நம்பர் எலையா?"

"ஆமா. ஒங்ககிட்ட கேட்டுத்தான எடுத்தேன்?"

"கேட்ட. சப்பரம் சோடிக்கன்னுல்லா நெனச்சேன்." அவன் குரல் இறங்கிவிட்டது. "செவ்வாக்கெழம ஆறாம் நம்பரு முழுக்க மருந்து அடிச்சிருக்கு அன்னா. நாந்தான் அடிச்சேன்."

ஹாலில் இருந்த பெண்கள் அத்தனை பேரும் கையைப் பார்த்துக்கொண்டார்கள். வெந்நீரில் இரண்டு தரம் அலசினால் போகாதா என்று ஒருத்தி கேட்டாள். அறுநூறு தட்டு தைத்தவர்களுக்குக் கேட்கத் தோன்றாதா?

பொன்ராஜ் தலையை ஆட்டினான். "எஞ் சட்டைய இவ மூணு மட்டம் சோப்புப் போட்டுக் கழுவுறா. அப்பமும் வாசம் போவல. சின்னப் பிள்ளைங்க திங்கிற எல. வேண்டாம்."

அன்னாள் தானே முதல் அடுக்கைத் தூக்கினாள். மாட்டுக்குக்கூடப் போடாதீர்கள், ஆறாம் நம்பரிலேயே குழி வெட்டிப் போடுங்கள் என்றாள். பெண்களையெல்லாம் குழாயடியில் நிறுத்திக் கைகளைத் தேய்த்துக் கழுவச் சொன்னாள். பிறகு கமிட்டிக்காரர்கள் உட்கார்ந்திருந்த இடத்துக்குப் போய், தப்பு என்னுது, எதுக்கு எலைன்னு அவரிடம் சொல்லாமல் விட்டுவிட்டேன் என்று நின்றாள். பொன்ராஜ் பின்னாலேயே வந்து, இல்லை, நான் கேட்டிருக்கணும் என்றான். இரண்டு பேரும் தப்பைப் பிடித்து ஆளுக்கொரு பக்கம் இழுத்ததைப் பார்க்க எனக்குப் பாவமாக இருந்தது.

மிக்கேல்ராஜ் திட்டவில்லை. அதுவே அவளுக்கு அதிகம் வலித்திருக்கும். என்னைப் பார்த்து, குமுளிக்கு வண்டியை விடுங்க, வெள்ளித்தாள் தட்டு எழுநூறு வாங்கிட்டு வந்துருங்க, பஞ்சாயத்து ஃபைன் போட்டால் கமிட்டி பார்த்துக்கொள்ளும் என்றார். நான் எழுந்து சாவியை எடுத்தேன்.

"ஜீப்பு நிக்கட்டும்ணே," என்றாள் அன்னாள். "ஆளுக்கொரு தட்டு வீட்டுல இருக்கும்ல? நாளைக்கு வரும்போது அவங்கவங்க தட்டு கொண்டு வந்துரட்டும்."

நியாயமாகத்தான் பட்டது எனக்கு. மிக்கேல்ராஜுக்கும் அப்படித்தான் பட்டிருக்க வேண்டும், தலையாட்டப் போனார். அப்போது மூலையில் உட்கார்ந்து சப்பரத்துக்குக் கயிறு முறுக்கிக்கொண்டிருந்த சூசையப்பன் கயிற்றைக் கீழே போட்டார். எழுபது வயசு. முப்பது வருஷம் சப்பரம் தூக்கிய தோள். ஓய்வு பெற்ற தொழிலாளி, மேல் லயத்தில் இருப்பவர்.

"தட்டோட வரணுமோ?" என்றார். "எங்கய்யா அப்படித்தான் போனாரு. கிறிஸ்மசுக்கு முதலாளி பங்களால சோறு போடுவாங்க. கங்காணிமாருக்கு எல. காட்டு வேலைக்காரனுக்கு எல கெடையாது, தட்டு கொண்டாரணும். பின்வாசல்ல ரெண்டு கையாலயும் ஏந்திட்டு நிப்பாரு. நா அவரு வேட்டியப் புடிச்சிட்டு நின்னிருக்கேன். தின்னுட்டு அவரே கழுவி எடுத்துட்டுப் போணும். ஏன்னா நாங்க தொட்ட தட்ட அங்க யாரும் தொட மாட்டான்."

அவர் மூச்சு வாங்கிக்கொண்டார்.

"இந்தக் கோயில்ல அசனம் வெச்சப்ப, எல்லாருக்கும் ஒரே எலன்னாங்க. அதுக்காகவே எங்கய்யா மொத ஆளாப் போயி உக்காந்தாரு. எல போயித் தாளு வந்திச்சு. அது குப்பதான், நா இல்லங்கல. ஆனா தின்னுட்டுத் தூக்கிப் போட்டுட்டு எந்திரிச்சு வந்துரலாம். அன்னா, ஒனக்குச் செவுரு விழுந்தது பெருசு. எனக்கு இது பெருசு. தட்டோட வரச் சொன்னா நா வர மாட்டேன்."

எனக்கு அந்த வெள்ளித்தாள் தட்டின் மேல் அப்படி ஒரு கணக்கு இருக்கும் என்று தெரியவே தெரியாது. அன்னாளுக்கும் தெரிந்திருக்காது. ஹாலில் பாதிப் பேர் சூசையப்பன் பக்கம் என்பது முகங்களைப் பார்த்தாலே தெரிந்தது. மிக்கேல்ராஜ் மறுபடி என்னைப் பார்த்தார். நான் போய் ஜீப்பை ஸ்டார்ட் செய்தேன்.

அன்னாள் ஓடிவந்து பானெட்டில் கையை வைத்தாள். "அரை மணி நேரம்ணே," என்றாள். நான் இன்ஜினை அணைத்தேன். வெள்ளித்தாள் தட்டு எங்கே ஓடிப்போகிறது, அது எப்போது போனாலும் கிடைக்கும்.

அந்த அரை மணி நேரம் அவள் வீட்டில் நடந்ததைப் பிறகு பொன்ராஜ் சொன்னான். சுவர் விழுந்த இடத்தில் தகரம் அடித்த அடுப்படியில் உட்கார்ந்து, கோபம் தீர அழுதிருக்கிறாள். சூசை மாமா மேல் கோபமில்லையாம். அவர் சொன்னது சரியாக இருக்கிறதே என்ற கோபமாம். பால் விடாத கட்டன்சாயா போட்டுக் கொடுத்த பொன்ராஜ், விட்டுரலாமா என்று கேட்டிருக்கிறான். விட்டுவிட்டால் ஆனி மாசம் மறுபடி குழாய்க்குள் யார் கையை விடுவது என்று இவள் கேட்டிருக்கிறாள். சாயாவை ஒரே மடக்கில் குடித்துவிட்டு, "தட்டோட வரச் சொன்னாத்தான மாமா வர மாட்டாரு," என்று எழுந்துவிட்டாளாம்.

ஹாலுக்குத் திரும்பி வந்தபோது அவள் தோளில் சேனைக்குக் கொடுத்த புதுச் சாக்குகள் நாலு இருந்தன. குப்பை படாத சாக்குகள்.

"யாரும் கையில தட்டு கொண்டு வர வேண்டாம்," என்றாள். "நா வீடு வீடாப் போயி வாங்கிக்கிறேன், எனக்கு அதான சோலி. கொதிதண்ணில போட்டு எடுத்து, மொத்தத்தையும் கலந்துருவேன். பந்தில நாங்களே போட்டு வெச்சிருப்போம், வந்து உக்காந்தாப் போதும். எவரு தட்டுல எவரு திங்கிறாருன்னு எனக்கே தெரியாது. தின்னவங்க கழுவக் கூடாது. பரிமாறுறவங்கதான் கழுவணும், கமிட்டிக்காரங்களும் சேத்துத்தான்."

அடுத்தவர் எச்சில் தட்டில் எப்படி என்று மிக்கேல்ராஜ் இழுத்தார். ராஜாக்காட்டு ஹோட்டலில் யார் தட்டில் பரோட்டா தின்கிறோம் அண்ணே என்று அன்னாள் கேட்டாள். ஹாலில் சிரிப்பு கிளம்பியது. மிக்கேல்ராஜும் சிரித்துவிட்டார், பிறகு அவரால் மறுக்க முடியவில்லை. சூசையப்பன் மட்டும் சிரிக்கவில்லை. கயிற்றைச் சுருட்டிக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டார்.

அன்றைக்கு என் ஜீப் குமுளிக்குப் போகவில்லை, லயம் லயமாகப் போனது. குப்பை வாங்குகிற நாள் இன்றைக்கில்லையே என்று கிண்டல் செய்தார்கள். கல்யாணச் சீராக வந்த தட்டு, அடியில் மாமன் பெயர் வெட்டிய தட்டு, பால்குடிப் பிள்ளைக்கு வாங்கிய கிண்ணித் தட்டு எல்லாம் வந்தது. ஒருத்தி விளிம்பு நெளிந்த ஓட்டைத் தட்டை நீட்டினாள். உங்க தம்பி வந்தா இதுலயா சோறு போடுவீங்க, நல்லதைக் கொண்டாங்கக்கா, நிக்கிறேன் என்றாள் அன்னாள். அந்தப் பெண் உள்ளே போய் நல்ல தட்டாக மூன்று கொண்டுவந்தாள். மிக்கேல்ராஜ் வீட்டில் அவர் மனைவி நிமி, விருந்தாளிக்கு மட்டும் எடுக்கிற ஆறு தட்டைக் கொஞ்சம் தயங்கித்தான் கொடுத்தாள். தயங்கினாலும் கொடுத்தாளே.

மேல் லயத்தில் சூசையப்பன் வாசலில்தான் உட்கார்ந்திருந்தார். ஜீப்பைப் பார்த்ததும் எழுந்து உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். கூப்பிடு என்று நான் சொன்னேன். அன்னாள் கூப்பிடவில்லை. பக்கத்து வீட்டு வாசலுக்கு நடந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை பனி விலகுவதற்குள் அண்டாவில் தட்டுகள் கொதித்துக்கொண்டிருந்தன. பொன்ராஜ் கம்பால் எடுத்துப் போட, பெண்கள் துணியில் துடைத்து அடுக்கினார்கள். நானூறு தட்டு சேர்ந்திருந்தது. முதல் பந்தி எழுந்ததும் கழுவி இரண்டாவது பந்திக்குப் போட வேண்டும் என்பது அவள் திட்டம். பூசை முடிந்தது. சப்பரம் ஏலப்பட்டைத் தோரணத்துக்கு அடியில் சுற்றி வந்தது. சூசையப்பன் சப்பரத்தின் முன்கொம்பைப் பிடித்திருந்தார். செபஸ்தியாருக்காக வந்தார், சாப்பாட்டுக்கு இருக்க மாட்டார் என்றுதான் நான் நினைத்தேன்.

ஹாலில் பாய் விரித்து, தட்டும் எவர்சில்வர் டம்ளரும் வைத்து, கதவைத் திறந்தார்கள். சனம் உள்ளே வந்து தட்டைத் திருப்பித் திருப்பிப் பெயர் பார்த்துச் சிரித்தது. ஏலே, ஒம் மாமியாத் தட்டு எங்கிட்ட இருக்கு என்று ஒருத்தன் கத்தினான். பாதிரியாருக்கு ஒரு நசுங்கின அலுமினியத் தட்டு வந்தது. மாற்றித் தருகிறேன் என்று ஒருவர் ஓடினார். வேண்டாம் என்று அவர் அதிலேயே சோறு வாங்கிக்கொண்டார்.

சூசையப்பன் வந்தார். கையை வீசிக்கொண்டு வந்தார். வாசலில் ஒரு நிமிஷம் நின்று வரிசையைப் பார்த்தார். அன்னாள் சோற்றுக் கூடையோடு உள்ளே நின்றவள் அவரை வாங்க என்றும் சொல்லவில்லை, முகத்தைத் திருப்பிக்கொள்ளவும் இல்லை. அவர் வந்து மூன்றாவது வரிசையில் உட்கார்ந்தார். எதிரே இருந்த தட்டைத் திருப்பினார். அடியில் மிக்கேல்ராஜ், நிமி என்று வெட்டியிருந்தது. கறி வாளியோடு அவருக்கு முன்னால் குனிந்தது மிக்கேல்ராஜேதான். தன் வீட்டுத் தட்டை அவர் அடையாளம் கண்டுகொண்டார். ஒரு கரண்டி போட்டார், பிறகு எலும்பு பார்த்து இன்னொரு கரண்டியும் போட்டார். சூசையப்பன் தலையைக் குனிந்துகொண்டு சாப்பிட்டார். நன்றாகவே சாப்பிட்டார்.

சாப்பிட்டு முடித்ததும் பழக்கத்தில் தட்டை எடுத்துக்கொண்டு குழாயடிக்குப் போனார். மிக்கேல்ராஜ் வாளியைக் கீழே வைத்துவிட்டுக் கையை நீட்டினார்.

"தாங்க பெரியப்பா. அது எங்க சோலி."

சூசையப்பன் உடனே விடவில்லை. ஒரு எச்சில் தட்டை இரண்டு பேரும் பிடித்துக்கொண்டு நின்றார்கள். பிறகு அவர் விட்டார். மிக்கேல்ராஜ் சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு குத்தவைத்துக் கழுவ ஆரம்பித்தார்.

வெளியே இரண்டாவது பந்திக்குக் கூட்டம் நெருக்கியடித்தது. பக்கத்து எஸ்டேட்டிலிருந்து எதிர்பார்த்ததைவிட அதிகமாக வந்துவிட்டார்கள். கழுவிய தட்டு வந்து சேர்வதற்குள் பிள்ளைகள் பசியில் அழ ஆரம்பித்தார்கள். பார்த்தாயா, நேற்றே ஜீப்பை அனுப்பியிருக்கலாம் என்று கமிட்டியில் ஒருவர் சத்தமாகவே சொன்னார். அன்னாள் காதில் விழாதவள்போல ஈரத்தட்டுகளைத் துடைத்துக்கொண்டிருந்தாள். முகம் மட்டும் கறுத்துவிட்டது.

வாயைத் துடைத்துக்கொண்டு படியில் இறங்கிய சூசையப்பன் திரும்பி நின்றார்.

"ஏ அன்னா," என்றார். "எங்க வீட்டுல ஒம்பது தட்டு கெடக்கு. சாக்க எடுத்துட்டு வா. நா கையில ஏந்திட்டு வர மாட்டேன்."

அன்னாள் கையிலிருந்த துணியை என்னிடம் எறிந்துவிட்டு, சாக்கை உதறித் தோளில் போட்டுக்கொண்டு அவரோடு நடந்தாள்.